மதிய உணவுத் தட்டில் யாருடைய விலக்குக்கு மதிப்பு?

உத்தரப்பிரதேசத்தின் அரசுப் பள்ளிகளில் வாராந்திர மதிய உணவுப் பட்டியல் சுவரிலேயே வண்ணத்தில் எழுதி வைக்கப்பட்டிருக்கும். வாரத்தில் இரண்டு நாட்கள் ரொட்டி. மற்ற நாட்களில் பருப்பும் சோறும், அல்லது காய்கறி கலந்த தெஹ்ரி. அந்தப் பட்டியலை நம்பித்தான் லட்சக்கணக்கான உழைப்பாளிக் குடும்பங்களின் குழந்தைகள் காலையில் அரை வயிற்றோடு பள்ளிக்கு வருகிறார்கள். ஆனால் கோதுமையைத் தொடவே கூடாத ஒரு குழந்தைக்கு அந்த இரண்டு நாட்களும் பட்டினி நாட்களே. ஆறு பள்ளி நாட்கள் கொண்ட வாரத்தில் மூன்றில் ஒரு பங்கு உணவு அதற்கு இல்லை. ரொட்டி நாட்கள் இன்னும் அதிகமாக உள்ள ராஜஸ்தானில் இழப்பும் அந்த அளவுக்குக் கூடும்.

இத்தகைய குழந்தைகள் விரல்விட்டு எண்ணத்தக்கவர்கள் என்று கருதினால் அது பிழை. கோதுமையிலும் பார்லியிலும் உள்ள குளூட்டன் என்னும் புரதத்தை உடல் ஏற்காமல், சிறுகுடலின் உட்சுவரையே தாக்கிச் சிதைப்பதுதான் சீலியாக் நோய். தலைநகர் தில்லி வட்டாரத்தில் நடத்தப்பட்டு 2011இல் வெளியான ஆய்வு, ஏறத்தாழ நூறு பேருக்கு ஒருவரிடம் இந்நோய் இருப்பதைக் காட்டியது. அதற்கு முன்பே பஞ்சாபின் லூதியானாவில் பள்ளிக் குழந்தைகளிடையே நடந்த ஆய்வு, 310 பேருக்கு ஒருவர் என்ற கணக்கைத் தந்திருந்தது. நோயறிதல் வசதி விரிந்தால் எண்ணிக்கை கூடுமே தவிரக் குறையாது. அரிசி உண்ணும் தெற்கில் இந்நோய் மிகவும் அரிது என்பதால் இங்குள்ள வாசகர்களுக்கு இதன் பெயர்கூடப் புதிதாக இருக்கலாம். கோதுமை விளையும் மாநிலங்களிலோ, சில நூறு மாணவர்கள் படிக்கும் ஒவ்வொரு பள்ளியிலும் இப்படி ஒரு குழந்தையாவது இருக்கக்கூடும்.

இந்த நோய்க்கு மருந்து இல்லை. வாழ்நாள் முழுவதும் கோதுமையை விலக்குவது மட்டுமே சிகிச்சை. அந்த உண்மை வெளிப்பட்ட விதமும் பசியோடு பின்னிப் பிணைந்ததுதான். இரண்டாம் உலகப் போரின் இறுதிக் குளிர்காலத்தில், நாஜி முற்றுகையால் நெதர்லாந்து மக்கள் ரொட்டியின்றித் தவித்தபோது, இந்நோயுற்ற குழந்தைகள் மட்டும் தேறி வந்ததையும், ரொட்டி திரும்பியதும் மீண்டும் நலிந்ததையும் டச்சுக் குழந்தை மருத்துவர் வில்லெம் கரேல் டிக்கே கவனித்தார். 1950இல் அவர் அளித்த ஆய்வேட்டுக்குப் பிறகுதான் கோதுமையே காரணம் என்பதை மருத்துவ உலகம் ஏற்றது. ஊரெல்லாம் பட்டினி கிடந்த காலத்தில் தேறிய அந்தக் குழந்தைகளுக்கு நேர்மாறாக, ஊர்க் குழந்தைகள் எல்லாம் உண்ணும் வேளையில் நலிகிறது இன்றைய இந்தியாவின் ஏழைக் குழந்தை.

வசதி படைத்த வீட்டில் இந்நோய் தெரியவந்தால் மருத்துவர், உணவு ஆலோசகர், கடையில் பல மடங்கு விலையில் கிடைக்கும் குளூட்டன் அற்ற மாவு என்று ஒரு வழி பிறக்கிறது. கூலித் தொழிலாளியின் குழந்தைக்கு நோய் இருப்பதே தெரிவதில்லை. வயிற்றுப்போக்கு, இரத்தசோகை, வளர்ச்சிக் குறைவு ஆகியவைதான் அறிகுறிகள். ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் 35.5 சதவீதம் பேர் வயதுக்கேற்ற உயரமின்றி இருப்பதாக ஐந்தாவது தேசியக் குடும்ப நல ஆய்வு கூறுகிற நாட்டில், ஒரு குழந்தை குட்டையாகவும் வெளிறியும் இருந்தால் யார் ஐயம் கொள்ளப்போகிறார்கள்? இன்னும் இரண்டு ரொட்டி கொடுங்கள் என்பதே அறிவுரையாக இருக்கும். நோயைத் தருகிற பொருளே மருந்தென்று ஊட்டப்படுகிறது.

நோய் உறுதியான பிறகும் வீட்டில் நிலைமை எளிதன்று. மத்திய தொகுப்புக்கு அரிசியை வாரி வழங்கும் பஞ்சாபில், உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் ரேஷனில் கிடைப்பது கோதுமை. அந்த மண்ணில் விளைந்த அரிசி சரக்கு ரயிலேறிப் பிற மாநிலங்களுக்குப் போய்விட, அங்குள்ள ஏழைத் தாய், தன் பிள்ளைக்கு உண்ணத்தக்க ஒரே தானியத்தைக் கடையில் காசு கொடுத்து வாங்குகிறாள். வீட்டிலேயே இந்த நெருக்கடி என்றால், பள்ளியில் கிடைக்கும் ஒருவேளைச் சூடான உணவின் மதிப்பு எத்தகையது என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

சட்டம் இதில் மௌனமாக இல்லை. 2001 நவம்பர் 28இல் உச்சநீதிமன்றம், அரசுப் பள்ளிகளிலும் அரசு உதவி பெறும் தொடக்கப் பள்ளிகளிலும் சமைத்த மதிய உணவை வழங்கியே தீர வேண்டும் என்று ஆணையிட்டது. 2013ஆம் ஆண்டின் தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டம் அதை நாடாளுமன்றம் இயற்றிய உரிமையாக்கியது. அதன் 5ஆவது பிரிவு எட்டாம் வகுப்பு வரையிலான ஒவ்வொரு குழந்தைக்கும், பள்ளி விடுமுறை தவிர ஒவ்வொரு நாளும், இலவச மதிய உணவை உறுதி செய்கிறது. தொடக்க வகுப்புக்கு 450 கலோரியும் 12 கிராம் புரதமும், உயர் தொடக்க வகுப்புக்கு 700 கலோரியும் 20 கிராம் புரதமும் இருக்க வேண்டும் என்று இரண்டாம் அட்டவணை வரையறுக்கிறது. பெரும்பான்மையான குழந்தைகளுக்கு என்றோ, எல்லாவற்றையும் செரிக்க வல்ல குழந்தைகளுக்கு என்றோ அதில் எங்கும் எழுதப்படவில்லை.

2015இல் வகுக்கப்பட்ட மதிய உணவு விதிகள் இன்னும் ஒரு படி மேலே செல்கின்றன. தானியம் இல்லை, சமையல் தொகை வரவில்லை, எரிபொருள் இல்லை, சமையலர் வரவில்லை என்று எந்தக் காரணத்தால் உணவு வழங்கப்படாவிட்டாலும், அந்த நாளுக்குரிய தானியத்தையும் சமையல் செலவையும் உணவுப் பாதுகாப்புப் படியாக மாநில அரசு குழந்தைக்குக் கொடுத்தாக வேண்டும். உண்ண முடியாத உணவைத் தட்டில் வைப்பது உணவு வழங்கியதாகுமா என்ற கேள்வியை எந்த அரசும் இதுவரை நேராகச் சந்திக்கவில்லை. வருகைப் பதிவேட்டில் அக்குழந்தையின் பெயர் இருக்கிறது. உணவு உண்டோர் கணக்கிலும் அது ஒரு எண்ணாகச் சேர்ந்திருக்கும். தட்டு மட்டும் காலி.

சீலியாக் ஓர் எடுத்துக்காட்டு மட்டுமே. ஜார்க்கண்ட், சத்தீஸ்கர், ஒடிசா, மத்தியப்பிரதேசப் பழங்குடிப் பகுதிகளில் அரிவாள் செல் இரத்தசோகை பரவலாக உள்ளது. அதை ஒழிக்கும் தேசிய இயக்கத்தைப் பிரதமரே 2023 ஜூலை 1இல் மத்தியப்பிரதேசத்தின் ஷாதோலில் ஆரவாரமாகத் தொடங்கி வைத்தார். அதே பிரதமர்தான், 2021 சுதந்திர தின உரையில், பள்ளி உணவு உள்ளிட்ட எல்லாத் திட்டங்களிலும் செறிவூட்டப்பட்ட அரிசியே வழங்கப்படும் என்று அறிவித்தவர். இரும்புச் சத்து செறிவூட்டப்பட்ட உணவை அரிவாள் செல் நோயுற்றவர்கள் உண்ணலாகாது, தலசீமியா உள்ளவர்கள் மருத்துவக் கண்காணிப்பில் மட்டுமே உண்ணலாம் என்று சிப்பத்தின் மீது எச்சரிக்கை அச்சிட வேண்டும் என 2018ஆம் ஆண்டின் செறிவூட்டல் ஒழுங்குமுறை விதி கூறியது. பள்ளிச் சமையற்கூடத்துக்கு வருவது ஐம்பது கிலோ மூட்டை. அதன் மேல் எழுதியிருப்பதை எந்தக் குழந்தை படிக்கும்? படித்தாலும், அதற்கு மாற்றாக வேறு அரிசி அங்கே இருந்ததா?

நிபுணர் குழுவின் ஆய்வுக்குப் பின், இந்த அரிசியால் அத்தகையோருக்குத் தீங்கில்லை என்று 2024 அக்டோபரில் ஒன்றிய அரசு அறிவித்தது. அந்த எச்சரிக்கையும் கைவிடப்பட்டது. அறிவியல் தீர்ப்பு அதுவே என்றால் மகிழ்ச்சிதான். ஆனால் எச்சரிக்கை நடைமுறையில் இருந்த ஆண்டுகளில், அரசின் சொந்த விதியே உண்ணாதே என்று சொன்ன அரிசியை அதே அரசு ஆதிவாசிக் குழந்தையின் தட்டில் வேறு வழியின்றி வைத்தது என்பது மாறிவிடாது. அரிவாள் செல் நோயும் தலசீமியாவும் 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் இடம்பெற்றவை என்பதைக்கூட உணவுத் துறையினர் நினைவில் கொள்ளவில்லை.

முதல் வகை நீரிழிவுள்ள குழந்தைகளுக்குப் பள்ளியில் இன்சுலின் போட்டுக்கொள்ளவும், இடையே சிற்றுண்டி எடுக்கவும் அனுமதி வேண்டும் என்று தேசியக் குழந்தை உரிமைகள் பாதுகாப்பு ஆணையம் 2023இல் மாநிலங்களுக்கு எழுதியது. நல்லது. அந்தச் சிற்றுண்டி யார் வீட்டிலிருந்து வரும் என்று கேட்டிருந்தால் இன்னும் நன்றாக இருந்திருக்கும்.

இவற்றுக்கெல்லாம் ஆட்சியாளர்கள் தரும் வழக்கமான பதில் ஒன்றுண்டு. பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட பள்ளிகளில் பதினொரு கோடிக் குழந்தைகளுக்கு உணவு வழங்கும் திட்டத்தில் ஒவ்வொரு குழந்தைக்கும் தனித்தனியாகச் சமைக்க இயலாது என்பதே அது. கேட்பதற்கு நியாயம் போலவே இருக்கும். ஆனால் உணவு விலக்கு என்ற ஒன்றை இந்த ஆட்சியாளர்கள் அறியாதவர்கள் அல்லர். யாருடைய விலக்கு என்பதைப் பொறுத்து அவர்களின் இயலாமை மறைந்துவிடுகிறது.

2015இல் மத்தியப்பிரதேச அங்கன்வாடிகளில் முட்டை வழங்கும் யோசனை வந்தபோது, அன்றைய பாஜக முதலமைச்சர் அதை ஏற்க மறுத்தார். குழந்தைகளுக்கு முட்டை ஒவ்வாது என்று எந்த மருத்துவரும் சான்றளிக்கவில்லை. உண்ணாதவர்களின் நம்பிக்கை, உண்பவர்களின் தட்டையும் தீர்மானித்தது. கர்நாடகத்தில் பெரும் அறக்கட்டளையின் மையச் சமையற்கூடத்திலிருந்து உணவு பெறும் பள்ளிகளில் வெங்காயமும் பூண்டும் இன்றியே பல்லாண்டுகளாகச் சமைக்கப்பட்டது. சிறு பிரிவினரின் சமய ஒழுக்கத்துக்காக லட்சக்கணக்கான தலித், பிற்படுத்தப்பட்ட குழந்தைகளின் நாவும் வயிறும் வளைக்கப்பட்டன. மகாராஷ்டிராவில் 2025 ஜனவரியில் முட்டைக்கான மாநில நிதியை நிறுத்திவிட்டு, வேண்டுமானால் நன்கொடை திரட்டிக்கொள்ளுங்கள் என்று பள்ளிகளிடம் சொன்னது பாஜக கூட்டணி அரசு.

இதைவிடக் கொடிய விலக்கும் உண்டு. உத்தராகண்டின் சம்பாவத் மாவட்டம் சுகிதாங்கில், 2021 டிசம்பரில், தலித் பெண் சமைத்த உணவை உண்ண மாட்டோம் என்று மேல்சாதி மாணவர்கள் மறுத்தார்கள். வீட்டில் ஊட்டப்பட்ட நஞ்சை அப்பிள்ளைகள் பள்ளியில் கக்கினார்கள். நிர்வாகம் முதலில் செய்த காரியம், நியமனத்தில் முறைகேடு என்று காரணம் காட்டி அந்தச் சமையலரைப் பணியிலிருந்து நீக்கியதுதான். சாதி என்னும் நோய்க்குச் சில நாட்களுக்குள் சிறப்பு ஏற்பாடு செய்ய முடிகிறது. குடல் நோய்க்குத் தனியாக ஒரு கரண்டி வாங்க முடியவில்லை.

குழந்தைக்குத் தெரிவு அளிப்பது நடைமுறைக்கு ஒவ்வாதது என்ற வாதத்தைக் களம் ஏற்கெனவே முறியடித்துவிட்டது. கர்நாடகத்தில் 2021 டிசம்பரில், ஊட்டச்சத்துக் குறைவு மிகுந்த வடகிழக்கு மாவட்டங்களில் முட்டை தொடங்கப்பட்டபோது மடாதிபதிகள் எதிர்த்தார்கள். முட்டை வேண்டாத குழந்தைக்கு வாழைப்பழமோ கடலை மிட்டாயோ வழங்கப்பட்டது. மிகப் பெரும்பான்மையான குழந்தைகள் முட்டையைத்தான் கேட்டார்கள். கேரளத்தில் முட்டை உண்ணாத குழந்தைக்கு நேந்திரம்பழம் கிடைக்கிறது. தமிழ்நாட்டின் சத்துணவிலும் வாழைப்பழம் பழகிய ஏற்பாடே. ஒரே வரிசையில் நிற்கும் இரு குழந்தைகளின் தட்டில் இருவேறு பொருள்களை வைப்பதால் எந்தப் பள்ளியின் கூரையும் இடிந்து விழவில்லை.

சீலியாக் குழந்தைக்கு வேண்டியது அதைவிடச் சிறிய ஏற்பாடு. ரொட்டி நாட்களில் அதற்குச் சோறு. அரிசி பள்ளியின் கிடங்கிலேயே இருக்கிறது. தொடக்க வகுப்புக் குழந்தைக்கு நாளொன்றுக்கு 100 கிராம், உயர் தொடக்க வகுப்புக்கு 150 கிராம் தானியத்தை இந்திய உணவுக் கழகம் அளிக்கிறது. அது கோதுமையா அரிசியா என்பது ஒதுக்கீட்டுத் தாளில் ஓர் எண் மட்டுமே. பருப்பும் காய்கறியும் பொதுவானவை. கவனம் வேண்டியது சமைக்கும் முறையில். மாவு பிசைவதற்கு முன்பே அக்குழந்தையின் சோறு வடிக்கப்பட வேண்டும். தனிப் பாத்திரமும் தனிக் கரண்டியும் வேண்டும். மாவு படிந்த கையோடு பரிமாறக்கூடாது. பருப்பில் போடும் கூட்டுப் பெருங்காயத்தில்கூடக் கோதுமை மாவு கலந்திருப்பது வழக்கம் என்பதால் அதைத் தவிர்க்க வேண்டும். ரொட்டியே வேண்டும் என்றால் கம்பும் சோளமும் மக்காச்சோளமும் வடநாட்டுக்கு அந்நியமானவை அல்ல. 2023ஐச் சர்வதேசச் சிறுதானிய ஆண்டாகக் கொண்டாடி, ஜி20 விருந்து மேசையில் சிறுதானியப் பண்டங்களைப் பரிமாறிப் பெருமைப்பட்ட அரசு, அதே கம்பு ரொட்டியை இந்தக் குழந்தைக்கு ஏன் தரவில்லை என்று கேட்கலாம். ஒன்றே ஒன்றுதான்: கோதுமை அரைத்த அதே மாவு மில்லில் கம்பை அரைத்தால் பயன் இல்லை. இது உள்ளூர்ப் பெண்களுக்கு ஒரே நாளில் சொல்லிக்கொடுக்கக் கூடிய செய்தி.

சொல்லிக்கொடுக்க வேண்டியது யாருக்கு என்பதில்தான் பிரச்சனையின் வேர் இருக்கிறது. ஏறத்தாழ 25 லட்சம் சமையலர்களும் உதவியாளர்களும் இத்திட்டத்தைத் தோளில் சுமக்கிறார்கள். பெரும்பாலோர் ஏழைப் பெண்கள், கைம்பெண்கள், ஒடுக்கப்பட்ட சாதிகளைச் சேர்ந்தவர்கள். எந்தக் குழந்தை இன்று சாப்பிடவில்லை, யாருக்கு எது ஒவ்வாது என்பதை மாவட்ட அலுவலகத்தின் கணினியைவிட அவர்கள் நன்கு அறிவார்கள். அவர்களுக்கு ஒன்றிய அரசு நிர்ணயித்த மதிப்பூதியம் மாதம் 1,000 ரூபாய். அது 2009இல் நிர்ணயிக்கப்பட்டது. அதுவும் ஆண்டுக்குப் பத்து மாதங்களுக்கே. அதிலும் ஒன்றிய அரசின் பங்கு பெரும்பாலான மாநிலங்களுக்கு 600 ரூபாய்தான். திட்டப் பணியாளர்களைத் தொழிலாளர்களாக ஏற்றுக் குறைந்தபட்சக் கூலியும் சமூகப் பாதுகாப்பும் வழங்க வேண்டும் என்று 2013இல் கூடிய 45ஆவது இந்தியத் தொழிலாளர் மாநாடு பரிந்துரைத்தது. அந்தப் பரிந்துரை இன்னும் கிடப்பில் கிடக்கிறது. நாளொன்றுக்கு நாற்பது ரூபாய்கூடத் தேறாத ஊதியத்தில் நூறு பேருக்கு ரொட்டி தட்டும் ஒரு பெண்ணிடம், ஒரு குழந்தைக்குத் தனியே வடித்துக் கொடு என்று மேலும் ஒரு சுமையை ஏற்றுவது அறமாகாது. அவர் அன்பினால் அதைச் செய்யக்கூடும். பல ஊர்களில் செய்யவும் செய்கிறார். அவருடைய அன்பையே அரசு தன் திட்டமாகக் கணக்கில் காட்டக்கூடாது.

மையச் சமையற்கூடங்களை ஊக்குவிக்கும் போக்கும் இங்கே ஆராயத்தக்கது. பல கிலோமீட்டர் தொலைவில் விடியற்காலையில் இயந்திரத்தில் சமைத்து, மூடிய பாத்திரங்களில் வண்டியேற்றி நூற்றுக்கணக்கான பள்ளிகளுக்கு அனுப்பும் ஏற்பாட்டில் குழந்தை என்பது ஓர் எண். அங்கே கோதுமை உண்ணாத சிறுமி ஒருத்திக்காகக் கைகழுவிவிட்டுப் பரிமாற யாரும் இல்லை. பள்ளியிலேயே சமையல், உள்ளூர்ப் பெண்களுக்கே வேலை என்ற கோரிக்கை வேலைவாய்ப்புக்காக மட்டும் எழுப்பப்படுவதன்று. குழந்தையை அறிந்த கை சமைக்க வேண்டும் என்பதும் அதில் அடங்கியிருக்கிறது.

பணம் இல்லை என்று சொல்வோருக்குக் கணக்கே பதில் சொல்லட்டும். 2013-14இல் மதிய உணவுத் திட்டத்துக்கு 13,215 கோடி ரூபாய் ஒதுக்கப்பட்டது. பிரதமரின் பெயரைச் சூட்டிக்கொண்டு பிஎம் போஷன் ஆன பிறகு, 2025-26இல் ஒதுக்கப்பட்டது 12,500 கோடி. பன்னிரண்டு ஆண்டு விலைவாசி உயர்வைக் கணக்கில் எடுக்காமலேயே தொகை குறைந்திருக்கிறது. 2025 மே முதல் பருப்பு, காய்கறி, எண்ணெய், மசாலா, எரிபொருள் அனைத்துக்கும் சேர்த்துத் தொடக்க வகுப்புக் குழந்தைக்கு நாளொன்றுக்கு 6 ரூபாய் 78 காசு. தேநீர்க் கடையில் ஒரு கோப்பைத் தேநீருக்கே போதாத தொகை இது. இதில் விலக்குள்ள குழந்தைக்கு மாற்று உணவு எங்கிருந்து வரும் என்று தலைமையாசிரியர் கைவிரித்தால், அவரைக் குறை கூறிப் பயனில்லை.

உலகில் இதற்கு முன்னுதாரணம் இல்லாமலும் இல்லை. ரொட்டியும் பாஸ்தாவும் அன்றாட உணவான இத்தாலியில் 2005ஆம் ஆண்டின் 123ஆவது சட்டம், பள்ளிகள் உள்ளிட்ட பொது உணவுக்கூடங்களில் கேட்போருக்குக் குளூட்டன் அற்ற உணவை வழங்குவதைக் கட்டாயமாக்கியது. அமெரிக்கப் பொருளாதாரத் தடையின் கழுத்து நெரிப்புக்கு இடையிலும் கியூபா, மருத்துவச் சான்றின் அடிப்படையில் நோயுற்றோருக்குத் தனி உணவு ஒதுக்கீட்டைத் தன் ரேஷன் முறையிலேயே பேணி வந்திருக்கிறது.

இந்தியாவில் உடனடியாகச் செய்ய வேண்டியவை தெளிவானவை. மருத்துவக் காரணத்தால் உணவு விலக்குள்ள குழந்தைக்கு மாற்று உணவு பெறும் உரிமை 2015ஆம் ஆண்டு விதிகளில் திருத்தமாகச் சேர்க்கப்பட வேண்டும். அரசு மருத்துவரின் ஒரு தாளே அதற்குப் போதுமான சான்றாக வேண்டும். அந்தத் தாளுக்காகத் தாய் நான்கு நாள் கூலியை இழந்து மாவட்டத் தலைநகருக்கு அலையும் நிலை கூடாது. பள்ளிக்கு வரும் மருத்துவப் பரிசோதனைக் குழுக்கள், கோதுமை மாநிலங்களில், வளர்ச்சி குன்றிய குழந்தைகளுக்குச் சீலியாக் இரத்தப் பரிசோதனையை இலவசமாகச் செய்ய வேண்டும். மாற்று உணவு வழங்கப்படாத ஒவ்வொரு நாளுக்கும் உணவுப் பாதுகாப்புப் படி தரப்பட வேண்டும். நோயுள்ள குழந்தையின் குடும்பம் ரேஷனில் கோதுமைக்குப் பதில் அரிசியைத் தெரிவு செய்ய வழி வேண்டும். சமையலர்களுக்குப் பயிற்சியும், பயிற்சிக்கு முன்பாகக் குறைந்தபட்சக் கூலியும் வேண்டும்.

விதிகளின்படி, குழந்தைகளுக்குப் பரிமாறும் முன் ஆசிரியர் ஒருவர் உணவைச் சுவைத்துப் பார்க்க வேண்டும்; அதற்கென்று ஒரு பதிவேடும் உண்டு. அந்தப் பதிவேட்டில் இன்னொரு பத்தியைக் கோடிட்டு, இன்று உண்ண முடியாத குழந்தைகள் யார், அவர்களுக்கு என்ன வழங்கப்பட்டது என்று நாள்தோறும் எழுதச் செய்யலாம். பள்ளி மேலாண்மைக் குழுக்களில் இடம்பெற்றுள்ள பெற்றோர்கள் வரும் கூட்டத்திலேயே அதைக் கேட்கலாம். அதற்கு நாடாளுமன்றத்தின் அனுமதி தேவையில்லை.